பெடியள் வச்சிருந்த கிடங்கு

குளிப்பதற்கு எடுத்துக்கொண்ட கரிசனையில் கால்வாசியை வேறு எதற்காவது எடுத்திருந்தால் லண்டன் இன்றைக்கும் ரோமர்கள் கையில்தான் இருந்திருக்கும் என்பது கஸ்பரின் கட்சி. நிலத்துக்குக் கீழே குட்டிக் குட்டியாகச் செங்கல் தூண்கள், அதற்குமேல் தளம், தூண்களுக்கு நடுவே சூட்டுக்காற்று ஓட வழி. இளஞ்சூட்டு அறை ஒன்று, வியர்த்துக் கொட்ட ஓர் அறை, கடைசியில் முங்கி எழும்பப் பச்சைத்தண்ணீர்த் தொட்டி. ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முந்தி இருந்தவன் இப்படியெல்லாம் குளித்திருக்கிறான். கோலியர்ஸ் வுட்டில் கஸ்பர் இருந்த வீட்டிலோ ஏழு பேருக்கு ஒரு குளியலறை, நாலாவது ஆளோடு வெந்நீர் முடிந்துவிடும்.

அந்த ரோமக் குளிப்பிடத்துக்குக் காவல் இருப்பதுதான் 1993-இன் கடைசியில் அவனுக்குக் கிடைத்த வேலை. தேம்ஸ் ஆற்றுக்குக் கொஞ்சம் மேலே, பழைய கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு ஒன்பது மாடியில் அலுவலகம் கட்டப் போனார்கள். அத்திவாரம் தோண்டினால் உள்ளே ரோமர் இருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கட்டுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தொல்பொருள்காரருக்கு ஆறேழு மாதம் விட்டுக்கொடுத்தார்கள். சுற்றிவரப் பலகை வேலி போட்டு, ஒரு பக்கத்தில் சனம் ஏறி நின்று பார்க்க மரமேடை கட்டி, வாசலில் ஒரு தகரக் கொட்டிலும் வைத்தார்கள். கொட்டிலுக்குள் நீலத்தொப்பியோடு கஸ்பர் இருந்தான்.

அவனுக்கு இது புதிதல்ல. மன்னார்க்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் மாந்தையில் வெளிநாட்டுக்காரர் வந்து பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது மூன்று வருசம் கூலிக்கு மண் சுமந்தவன். விளிம்பில் மிதிக்கக்கூடாது, கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் அங்கே படித்தது. ரோமர் நாட்டுச் சட்டி ஓடு என்று யாரோ சொன்ன துண்டை அவனே வாளித் தண்ணீரில் கழுவியிருக்கிறான். "அவங்கள் முத்து வாங்க எங்கடை ஊருக்கு வந்தவங்கள், நான் இப்ப அவங்கடை குளிப்பறைக்குக் காவல்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு வாயோடு சரி, உள்ளே ஒரே ஏக்கம்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு கடதாசி. உன்னை அகதியாக ஏற்றுக்கொண்டோம் என்று இமிக்கிரேசன்காரர் எழுதித் தரும் கடதாசி. அது கைக்கு வந்தால் மனைவி அருமைநாயகியையும் எட்டு வயது மகள் றோஸ்மலரையும் உடனே கூப்பிடலாம். வராவிட்டால் அவனையும் திருப்பி அனுப்பலாம். அவர்கள் இருவரும் மடுமாதா கோயிலடி அகதி முகாமில், காட்டுக்கு நடுவே, பொலித்தீன் கூரைக்குக் கீழே, நாலாவது மாரியைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய விசாரணை நவம்பரில் நடந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, இந்தப்பக்கம் கஸ்பர், நடுவில் மொழிபெயர்க்கப் பாலசுப்பிரமணியன் என்று ஒரு பெரியவர். திருச்சிக்காரர். லண்டன் தபால் கந்தோரில் இருபத்தைந்து வருசம் வேலை செய்து ஓய்வுபெற்று நோர்பரியில் இருப்பவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே என்று பயந்துகொண்டு போனவனுக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததும் பயம் தெளிந்தது. அவ்வளவு சாந்தமான முகம்.

"ஆர்மி ஊரைச் சுத்தி வளைச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"கிடங்குக்கை ஐயா. பெடியள் முந்தி வச்சிருந்த கிடங்கு. ரெண்டு நாள் அதுக்கைதான் கிடந்தனான்."

பெடியள் என்றால் இயக்கப் பெடியள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதிகாரிக்கே தெரியும். பெரியவர் இங்கிலீசில் சொன்னார். அதிகாரி பேனையை நிமிர்த்திக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"நான் போகேக்கை ஒண்டுமில்லை. அவங்கள் விட்டிட்டுப் போகேக்கை எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போட்டாங்கள்."

எல்லாம் என்று கஸ்பர் சொன்னது மண்மூட்டைகளையும் பனங்குற்றிகளையும். அதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்று எல்லாரும் படிப்பித்து அனுப்பியிருந்தார்கள்.

விசாரணை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது பெரியவரும் அங்கே வந்தார். பேசக்கூடாதுதான். ஆனால் என்ன வேலை என்று கேட்டதற்குக் கஸ்பர் ரோமக் குளிப்பிடத்தைச் சொன்னதும் மனுசனுக்குக் கடமை கட்டுப்பாடெல்லாம் பறந்துவிட்டது. இடிந்த கட்டடம் என்றால் அவருக்குப் பைத்தியம். ரோமாபுரிக்கே மூன்று தடவை பஸ்ஸில் போய் வந்தவர். "வந்து பார்க்கலாமா?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சொன்னபடி வந்தார். மேடையில் நின்று குனிந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் கதை சொன்னார். ரோமர் கப்பலேறிப் போன பிறகு இங்கே வந்தவர்கள் இந்த மதிலுக்குள் குடியிருக்கவே பயந்தார்களாம். இவ்வளவு பெரிய கல்லை மனிதன் தூக்கியிருக்க முடியாது, பூதம்தான் கட்டியிருக்கும் என்று நினைத்து வெளியே ஆற்றோரமாகக் குடிசை போட்டுக்கொண்டார்களாம்.

"நாங்களும் அப்பிடித்தானே ஐயா" என்றான் கஸ்பர். "வேலை இஞ்சை, படுக்கை கோலியர்ஸ் வுட்டிலை."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரோமாபுரிக்குப் போன யாத்திரிகர்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் உலகம் முழுவதிலுமிருந்து நடந்தே போவார்களாம். அங்கே போனால் பேரரசர்களின் சந்தை முற்றத்தில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். எது என்ன கட்டடம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பேர் வைத்தார்கள், அவ்வளவும் பிழை.

"வெண்கலத்துல ஒரு குதிரைவீரன் சிலை, கஸ்பர். மத்த சிலை எல்லாத்தையும் உருக்கி எடுத்துட்டாங்க. இதை மட்டும் தொடலை. ஏன் தெரியுமா? முதன்முதல்ல கிறிஸ்தவனான சக்கரவர்த்தி இவர்தான்னு நெனச்சுட்டாங்க. உண்மையில அவர் வேற ஆள், கிறிஸ்தவரே கிடையாது. ஒரு தப்பான பேர் அந்தச் சிலையைக் காப்பாத்திடுச்சு பாருங்க!"

கஸ்பருக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அவன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அன்றிரவே அறையில் பாலேந்திராவுக்கு அதைச் சொன்னான். மற்றக் கட்டிலில் படுப்பவன் பாலேந்திரா. கரவெட்டிக்காரன், இருபத்தாறு வயது, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. இங்கிலீசு நன்றாக வாசிப்பான். கஸ்பருக்கு விசாரணை நடந்த அதே கிழமை அவனுக்கும் நடந்தது. மொழிபெயர்த்தவரும் அதே திருச்சிப் பெரியவர்தான்.

மார்ச்சில் கஸ்பருக்குக் கடிதம் வந்தது. பாலேந்திரா பிரித்து வாசித்தான். வாசிக்க வாசிக்க அவனுடைய குரல் இறங்கியது.

"ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள் அண்ணை."

"என்னவாம்?"

"நீங்கள் இயக்கத்தின்ரை வேர்ஹவுஸிலை ரெண்டு நாள் நிண்டதெண்டு ஒப்புக்கொண்டனீங்களாம். சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு போனதும் உங்களுக்குத் தெரியுமாம். முதல் நிரப்பின போமிலை நிலத்துக்கை ஒரு குழியிலை ஒளிச்சதெண்டு எழுதியிருக்கிறியளாம். ரெண்டு கதையும் ரெண்டு விதமாம். அதாலை நீங்கள் சொன்ன ஒண்டையுமே நம்பேலாதாம்."

"வேர்ஹவுஸோ? நான் எந்தக் காலத்திலையடா வேர்ஹவுஸிலை நிண்டனான்?"

இருவரும் மாறி மாறி அந்தக் கடிதத்தைப் பார்த்தார்கள். அதிகாரி வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறான் என்றான் பாலேந்திரா. கஸ்பரும் அப்படித்தான் நம்பினான். சொலிசிட்டரான வெள்ளைக்காரப் பெண் அப்பீல் போட்டாள். ஆனால் இந்த வேர்ஹவுஸுக்கு ஒரு பதில் வேண்டும், இல்லாவிட்டால் தோல்விதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கஸ்பர் தான் சொன்னதையெல்லாம் ராவும் பகலும் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தான். தன் வாயையே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பொல்லாத வருத்தம் என்று அந்த இரண்டு மாதத்தில் அவனுக்குத் தெரிந்தது.

மே மாதம் தொல்பொருள்காரரின் தவணை முடிந்தது. செங்கல் தூண்களைப் படம் பிடித்து, தாளில் கீறி, நம்பர் போட்டு, கழற்றக்கூடியதைக் கழற்றிக்கொண்டார்கள். மிச்சத்தின்மேல் மண்ணைக் கொட்டிக் கொங்கிரீட் போடப்போகிறார்கள். சனம் பார்க்கக் கடைசிச் சனிக்கிழமை. சாப்பாட்டுப் பெட்டியும் குடையுமாகப் பாலசுப்பிரமணியன் வந்துவிட்டார். கஸ்பருக்கு அவரைக் கண்டதும் கொஞ்சம் ஆறுதல். தன் கடிதத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே அவரைக் கூட்டிப் போனான். மழை பெய்து பலகையெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, கவனம். கிடங்குக்கை விழுந்திடுவியள்."

அவர் நிமிர்ந்து அந்தப்பக்கம் இந்தப்பக்கம் பார்த்தார். பிறகு மேடையில் தொங்கிய விளக்கப் பலகையைப் பார்த்தார்.

"கிடங்கா? குளியல்கூடம்னுதானே போட்டிருக்கு? ரோமானியக் கிடங்கும் இருந்துச்சா இங்க?"

"என்ன ஐயா சொல்லுறியள்? இதைத்தான் சொல்லுறன்." கஸ்பர் கீழே கையைக் காட்டினான்.

"இது பள்ளம்."

"ஓம். கிடங்கு."

"கிடங்குன்னா சாமான் அடுக்கி வைக்கிற இடம், கஸ்பர். நெல்லுக் கிடங்கு, உரக்கிடங்கு..."

"அது உங்கடை ஊரிலை எண்டால் இருக்கும் ஐயா. எங்களுக்குக் கிடங்கெண்டால் நிலத்திலை வெட்டினது. குப்பைக் கிடங்கு, வாழைக்கிடங்கு. சென்றிக்குக் காவல் நிக்கிறவங்கள் வெட்டி வச்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். பெரியவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமலே எல்லாம் விளங்கிக்கொண்டார். கஸ்பருக்கும் விளங்கியது. வேர்ஹவுஸ் எங்கேயிருந்து வந்தது என்று இரண்டு மாதமாகத் தேடியவனுக்கு அது குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக முன்னால் நின்றது. தமிழனுக்குத் தமிழன் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போன கதை இது என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். கஸ்பருக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தச் சாந்தமான முகத்தில் ஓங்கி ஒன்று போடவேண்டும்போல் இருந்தது.

"குதிரைக்காரனுக்குப் பிழையான பேர் வச்சுக் காப்பாத்தினாங்களெண்டு சொன்னியள். எனக்குப் பிழையான பேர் வச்சுப் புதைச்சுப்போட்டியளே ஐயா!"

பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனம் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை, இரவு ஷிப்டுக்குப் போன பாலேந்திரா வீடு திரும்புமுன்னமே, கஸ்பர் சொலிசிட்டரிடம் ஓடினான். அவள் கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். அந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வா, ஜூலையில் அப்பீல், வெல்லலாம் என்றாள். வாசல்வரை வந்தவள் இன்னொன்றும் சொன்னாள். இது உன் வழக்கோடு மட்டும் நிற்கவேண்டும். அவர் இதே பிழையை வேறு ஆட்களுக்கும் விட்டிருக்கிறார் என்று கிளம்பினால் எல்லாவற்றையும் சேர்த்து விசாரிக்கத் தொடங்குவார்கள், உன்னுடைய அப்பீலையும் அதோடு கட்டிப்போட்டுவிடுவார்கள், ஒரு வருசமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

மண் கொட்டி முடியும்வரை கஸ்பர் அங்கேதான் காவல் இருந்தான். அடுத்த சனிக்கிழமை பெரியவர் தானாகவே கொட்டிலுக்கு வந்தார். ஒரே கிழமையில் பத்து வயது கூடினவர் போல் இருந்தார். பையிலிருந்து நாலு சின்னக் கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். மொழிபெயர்க்கும்போது மறக்காமல் இருக்க அவர் கிறுக்கி வைத்துக்கொண்ட கொப்பிகள்.

"நாலு வருஷத்தையும் பொரட்டிப் பார்த்துட்டேன். கிடங்குன்னு சொன்னவங்க உங்களோட சேர்த்துப் பதினொரு பேர். பதினொண்ணையும் வேர்ஹவுஸ்னு சொல்லியிருக்கேன். ஒருத்தரைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூக்கம் வரலை கஸ்பர்."

ஒவ்வொரு பேராக வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கவேண்டாம் என்று சொல்லக் கஸ்பருக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. ஐந்தாறு பேர் தெரியாத ஆட்கள். பிறகு அவர் சொன்னார்: "பாலேந்திரா, கரவெட்டி. மூணு மாசம் பலவந்தமாக் கிடங்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னான். நான் வேர்ஹவுஸ்ல வேலை பார்த்தான்னு சொல்லிட்டேன். இன்னும் பதில் வந்திருக்காது அவனுக்கு."

பாலேந்திராவின் மேல்சட்டையைத்தான் அன்றைக்குக் கஸ்பர் போட்டிருந்தான். கஸ்பருடையது காயவில்லை என்று காலையில் பாலேந்திராதான் எடுத்துக் கொடுத்தான்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் பெரியவர். "எல்லாத்தையும் எழுதணுமா, உங்களோடதை மட்டுமா? எல்லாத்தையும் எழுதினா என்னை இனி எங்கயும் கூப்பிட மாட்டாங்க. அது போகட்டும். உங்க அப்பீல் தள்ளிப்போகும்னு எனக்கும் தெரியும். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

கஸ்பருக்குக் கோபம் வந்தது. பிழை விட்டது இவர். பதினொரு பேரையும் தராசில் வைத்து நிறுக்கிற வேலை எனக்கா? ஆனால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? சட்டைப்பைக்குள் அருமைநாயகியின் கடிதம் இருந்தது. றோஸ்மலருக்கு இரண்டாவது தடவையும் மலேரியா. முகாமில் மருந்து முடிந்துவிட்டது. போன கிழமை பக்கத்துக் கொட்டிலில் இவளோடு விளையாடுகிற பிள்ளை ஒன்று போய்விட்டது. நீங்கள் எப்போது கூப்பிடுவீர்கள் என்று பிள்ளை கேட்கிறாள், நான் என்ன சொல்ல? இதுதான் கடிதம்.

தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்று அடிக்குமாம். கஸ்பரின் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது.

"என்ரையை மட்டும் எழுதுங்கோ ஐயா."

பெரியவர் கொப்பிகளை ஒவ்வொன்றாக மூடினார். அவருடைய தோள் இறங்கியது, ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. இந்தப் பதிலைக் கேட்கத்தான் மனுசன் நோர்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறார் என்று அப்போதுதான் கஸ்பருக்கு உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடிதம் மூன்றாம் நாள் தபாலில் வந்தது. நல்ல இங்கிலீசு, அழகான கையெழுத்து. கஸ்பர் அதைப் பாலேந்திராவிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. ரயிலில் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தானே கூட்டி வாசித்தான். இலங்கைத் தமிழில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு என்பதை அறியாமல் மொழிபெயர்த்துவிட்டேன், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதியிருந்தார். கீழே, இப்படி நடந்தது இந்த ஒருமுறை மாத்திரமே என்று ஒரு வசனமும் இருந்தது. அந்த வசனம் மிக நல்லது என்றாள் சொலிசிட்டர். அனுபவமுள்ள ஒரு நேர்மையான மனிதர் ஒரேயொரு தடவை சறுக்கியிருக்கிறார் என்று நீதிபதி எடுத்துக்கொள்வார். ஆனால் இன்னொரு சறுக்கல் வெளியே வந்தால் இந்தக் கடிதம் பொய்க்கடிதம் ஆகிவிடும், நீ தப்பி வென்றாலும் அதைப் பறிக்கக்கூடும், குடும்பம் வந்து இறங்கும்வரை வாயைத் திறக்காதே என்றாள். கஸ்பர் தலையாட்டினான். அவளுக்குப் பாலேந்திரா என்று ஒருவன் இருப்பதே தெரியாது.

ஜூலையில் அப்பீல் நடந்தது. துணைக்கு வாறன் என்றான் பாலேந்திரா, ஷிப்டை விடாதே என்று சொல்லித் தடுத்துவிட்டுத் தனியாகப் போனான். நீதிபதி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். செப்டெம்பர் முதல் கிழமை பதில் வந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டோம்.

பாலேந்திராதான் பிரித்து வாசித்தான். வாசித்ததும் கஸ்பரை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அன்றைக்கு லீவு போட்டு ஆட்டிறைச்சி வாங்கி வந்து, வீட்டிலிருந்த ஏழு பேருக்கும் அவனே சமைத்தான். மச்சாளும் பிள்ளையும் வந்து இறங்கும்போது நான்தான் எயர்ப்போட்டுக்குக் கார் ஓடுவன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னான். கஸ்பரால் ஒரு பிடிக்குமேல் விழுங்க முடியவில்லை. சந்தோசத்தில் பசி போயிட்டுது என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள்.

சரியாகப் பதின்மூன்றாம் நாள் பாலேந்திராவின் பதில் வந்தது. அவன் கட்டிலில் இருந்து வாசித்துவிட்டுக் கடதாசியை மடித்தான், திரும்பவும் விரித்தான்.

"எனக்கும் வேர்ஹவுஸ்தான் அண்ணை. மூண்டு மாசம் இயக்கத்தின்ரை வேர்ஹவுஸிலை வேலை செய்தனானாம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உங்களுக்கும் இதைத்தானே எழுதினவங்கள்? நீங்கள் எப்பிடி அண்ணை வெண்டனீங்கள்? உங்கடை சொலிசிட்டர் என்ன செய்தவ?"

அருமைநாயகியின் விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் கொழும்பில் கிடந்தது. இன்னும் எட்டுப் பத்துக் கிழமை செல்லும் என்று சொல்லியிருந்தார்கள். பாலேந்திராவுக்கு அப்பீல் போட இருந்த தவணை இரண்டு கிழமை. கஸ்பர் வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது, ஒரு சொல் அது, அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

"அவ என்ன செய்தவ" என்றான். "எல்லாம் மடுமாதாவின்ரை கிருபை."

சொன்ன பிறகுதான் தான் யாருடைய பேரைப் பொய்க்கு இழுத்தோம் என்று அவனுக்கு விளங்கியது. பாலேந்திரா சிரிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. கடதாசியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தான்.

"நீங்கள் ஞாயிறிலை போற கோயில் எது அண்ணை? நானும் வாறன்."

"நீ சைவக்காரனெல்லோ?"

"அம்மாள் எல்லாருக்கும் அம்மாள்தானே."

ஞாயிற்றுக்கிழமை பாலேந்திரா தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பிறகு கோயிலுக்கு இது சரிவராதோ என்று கேட்டு அதை அழித்துவிட்டு வந்தான். பூசை முடிந்து சனம் போன பிறகு மாதா பீடத்தடிக்குப் போனார்கள். ஒரு மெழுகுதிரியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கஸ்பர் இடம் காட்டினான்.

"என்னெண்டு சொல்லிக் கும்பிடவேணும் அண்ணை?"

"மனசிலை இருக்கிறதைச் சொல்லு."

கஸ்பருக்குப் பக்கத்தில் பாலேந்திராவும் முழந்தாளில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னான். மனதுக்குள் கும்பிடலாம் என்பது அவனுக்குத் தெரியாது.

"தாயே, அண்ணைக்கு என்ன செய்தியோ அதையே எனக்கும் செய்."

கஸ்பருக்கு எழும்பி வெளியே ஓடவேண்டும்போல் இருந்தது.

"முடிக்கேக்கை என்ன சொல்லவேணும்?"

"ஆமென் எண்டு சொல்லவேணும்."

"ஆமென்" என்றான் பாலேந்திரா. பிறகு கண்ணைத் திறந்து கஸ்பரைப் பார்த்தான். "நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னால்தான் அவவுக்குக் கேக்கும்."

கஸ்பர் சொன்னான்.